முதுகில் 80... முன்னால் ஜீரோ!

வடசென்னைச் சாலைகளில் வேகத்தின் விசித்திரக் கணக்கு

எண்ணூர் விரைவுச் சாலை. காலை ஏழு மணி. கடல் பக்கமிருந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. நாற்பதடி கண்டெய்னரைச் சுமந்தபடி ஒரு டிரெய்லர் நிற்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் மற்றொன்று. காசிமேட்டை நோக்கி நீளும் அந்த வரிசையின் தலை கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை வைத்திருக்கிறார் கிளீனர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் புகுந்து மீன் கூடையோடு ஒரு பெண்மணி சாலையைக் கடக்கிறார். பின்னாலேயே சீருடை அணிந்த பிள்ளைகள் இரண்டு பேர்.

நிற்கும் அந்த டிரெய்லரின் பின்புறம் பெயின்டில் கொட்டை எழுத்து: 'வேகம் 80 கி.மீ.'

இந்த வழியாகப் போகிற எவரும் பெரும்பாலான நாள்களில் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. முதுகில் 80. முன்னால் இருப்பதோ துறைமுகத்தின் ஜீரோ கேட். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும்.

வேக வரம்புப் பலகை என்றால் கம்பத்தில் மாட்டிய வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்பு எண் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வரை ஒரு சுற்று வந்தால் அந்த நினைப்பு மாறிவிடும். இங்கே லாரியின் முதுகில் வேக வரம்பு ஓடுகிறது. தண்டவாளத்து ஓரம் மஞ்சள் முக்கோணமாக நிற்கிறது. ஆலை வாசலில் 10, 15, 20 என்று சின்னச் சின்ன எண்களாகக் குறைகிறது. கடலுக்குள் இறங்கினால் எண்ணே இல்லாமல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. சில எண்களுக்கு மதிப்பு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. அது ஏன் என்பதற்கும் காரணம் உண்டு.

ஓடுவதற்கென்றே பிறந்த ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். சென்னையில் பதிவான முதல் மோட்டார் காரான 'எம்.சி.1' அவருடையது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார் கே.எம்.மாமன் மாப்பிள்ளை. அதுதான் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் அசோக் லேலண்டாக நிலைத்தது. 1955-ல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு புல்லட் வந்தது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது.

எஞ்சின், டயர், லாரி, டீசல் என ஓடுவதற்கு வேண்டிய அத்தனையும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் தயாரான பகுதி இது. அவற்றில் எதையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வழியில்லாத பகுதியும் இதுவேதான்.

1865-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. இயந்திர வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக் கூடாது. வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நடந்து போக வேண்டும். சிவப்புக் கொடிச் சட்டம் என்று அதைக் கேலி செய்தார்கள். 1896-ல் அங்கே அது காலாவதியாகிவிட்டது. ஜீரோ கேட் வரிசைதான் இன்றைக்கும் அதை மீறாமல் கடைப்பிடித்து வருகிறது.

┌─────────────
சட்டம் சொல்லும் எண்கள்

சென்னை மாநகரில் 2023 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு (மணிக்கு, கி.மீ.):
கார் போன்ற இலகுரக வாகனம் – 60
லாரி, பஸ் போன்ற கனரக வாகனம் – 50
இருசக்கர வாகனம் – 50
ஆட்டோ – 40
குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் – 30

சரக்கு வண்டிகளில் பொருத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொதுவாக 80-ல் நிறுத்த வேண்டும். டேங்கர், டிப்பர், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி, பள்ளிப் பேருந்து ஆகியவற்றுக்கு 60.

மோட்டார் வாகனச் சட்டம் 1988: வரம்பு விதிப்பது 112-வது பிரிவு. பலகை வைப்பது 116. அபராதம் 183. 2019 திருத்தத்தின்படி இலகுரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை.
─────────────┘

லாரி முதுகில் எழுதிய 80 எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. அது அந்தச் சாலைக்கான எண் அல்ல. வண்டிக்குள் பூட்டிய கருவிக்கான எண். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் இதற்கு மேல் ஓடாது என்ற அறிவிப்பு. சிங்கப்பூரிலும் கனரக லாரிகளின் பின்புறம் 60 என்று வட்ட வில்லை ஒட்டியிருப்பதை அங்கே வேலைக்குப் போய் வந்த நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே அந்த எண்ணைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் கணக்குப் போடலாம். இங்கே 50-க்கு மேல் போகக் கூடாத மாநகருக்குள் 80 என்று எழுதிய வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. பார்க்கிற பிள்ளைக்கு எது சட்டம் என்று புரியும்?

ஆலை வாசலைத் தாண்டினால்

இதே டிரெய்லர், இதே ஓட்டுநர். சரக்குப் பெட்டக நிலையத்துக்குள்ளோ ஆலைக்குள்ளோ நுழைந்ததும் ஆளே மாறிவிடுகிறார். 20 என்று பலகை இருந்தால் அந்த வேகத்துக்குள்தான் போகிறார். சுத்திகரிப்பு ஆலை வாசலில் டேங்கரின் புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைப்பார்கள். அதற்குப் பிறகு வளைவுக்கு ஒரு பலகை, எடைமேடைக்கு ஒரு பலகை. பத்து நிமிடத்துக்கு முன்னால் வெளியே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்த மனிதர், உள்ளே வாத்தியார் வகுப்பு மாணவர் போல அடங்கிவிடுகிறார்.

உள்ளே இருப்பது நல்ல ரோடு, வெளியே இருப்பது குண்டும் குழியும் என்பதால் அல்ல. நல்ல ரோட்டில்தான் வேகம் கூடும். காரணம் வேறு. உள்ளே ஒரு குழாயில் இடித்தால் நஷ்டம் பலகையை வைத்தவருக்கு. இன்ஷூரன்ஸ் கேட்கும், தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், ஆலையை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் மீறுகிற வண்டிக்கு அடுத்த முறை கேட் பாஸ் கிடையாது. கேட் பாஸ் போனால் டிரிப் போச்சு. கோர்ட்டும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

வெளியே? கம்பத்தில் 50 என்று பலகை இருக்கிறது. அதன் மேல் பாதியை மறைத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மீறினால் நஷ்டம் பலகையை வைத்தவருக்கு இல்லை, சாலையைக் கடக்கிறவருக்கு. அவர் எந்த கேட் பாஸை ரத்து செய்ய முடியும்?

எந்த எண் எழுதுகிறோம் என்பதைவிட, எழுதியவருக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் பலகைக்கு உயிர் கொடுக்கிறது என்று தோன்றுகிறது. இந்தப் பகுதியில் எங்கே சுற்றினாலும் இதற்கு அத்தாட்சி கிடைக்கும்.

17.3: அமெரிக்கக் குறும்பு

பலகையைப் பார்க்கவைக்க உலகம் வேறொரு தந்திரமும் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அவுட்டகேமி என்ற மாவட்டத்தின் குப்பை மறுசுழற்சி மையத்துக்குள் வேக வரம்பு மணிக்கு 17.3 மைல். எழுத்துப் பிழை இல்லை, பதினேழு புள்ளி மூன்றேதான். பெரிய குப்பை லாரிகளும், வீட்டுக் குப்பையைக் காரில் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் ஒரே வளாகத்தில் கலக்கிற இடம். 15, 20 என்று எழுதினால் கண் பழகிப்போய்த் தாண்டிவிடும். 17.3 என்றால், 'இதென்னடா கூத்து' என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிதான் அவர்களுக்கு வேண்டும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு வணிக வளாகத்தில் 8.2. டென்னசி மாநிலத்து டிரென்டன் என்ற சிற்றூரில் 31.

அமெரிக்கப் பொதுச் சாலைகளில் ஐந்தின் மடங்காகத்தான் வரம்பு எழுத வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதனால் இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் வளாகங்களுக்குள்தான் நடக்கின்றன. நம் சட்டத்திலும், மத்திய அரசு வகுக்கும் உச்ச வரம்புக்குள், ஒரு பொதுச் சாலைக்கு வரம்பு விதிக்கிற அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவருக்கும்தான். தெருமுனையில் குடியிருப்போர் சங்கம் ஆசையோடு எழுதிவைக்கிற '20 கி.மீ.' பலகையை மீறினால் அபராதம் போட முடியாது.

நம் துறைமுகச் சாலையில் 17.3 எடுபடுமா? எடுபடாது என்றே நினைக்கிறேன். புது எண், புது ஆளைத்தான் நிறுத்தும். குப்பை மையத்துக்கு மாதம் ஒரு முறை வருகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். ஜீரோ கேட்டுக்கும் மணலிக்கும் நடுவே தினமும் ஓடுகிறவருக்கு ஒரே வாரத்தில் 17.3-ம் ஒரு கம்பம்தான். போதாக்குறைக்கு, பழைய டிரெய்லர்களில் ஸ்பீடாமீட்டர் முள் நகர்ந்தாலே பெரிய விஷயம். புள்ளிக்கு அப்புறம் உள்ள 3-ஐ எங்கே போய்ப் பார்ப்பது?

ஆனால் வினோதமான எண் எல்லாமே விளம்பரத்துக்காக எழுதியதல்ல. ரயில்வேயைப் பாருங்கள்.

┌─────────────
மஞ்சள் முக்கோணம்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் தண்டவாளத்தை ஒட்டி மஞ்சள் பலகைகள் தெரியும். ஒரு முனை கூராகவும் மறுமுனை மீன் வால் போலவும் இருந்தால் எச்சரிக்கைப் பலகை: முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வருகிறது. அடுத்தது முக்கோணம்: அதில் கறுப்பில் எண். அதற்கும் அப்பால் வட்டப் பலகை: கட்டுப்பாடு முடிந்தது. இந்த முடிவுப் பலகை பயணிகள் ரயிலுக்குத் தனி, சரக்கு ரயிலுக்குத் தனி. எஞ்சின் தாண்டினால் போதாது, கடைசிப் பெட்டியும் தாண்டிய பிறகுதான் வேகம் எடுக்கலாம் என்பதால், ரயிலின் நீளத்தைக் கணக்கிட்டு நட்டிருப்பார்கள்.

லோகோ பைலட் கையில் எழுத்து மூலமாகவும் எச்சரிக்கை உத்தரவு கொடுக்கப்படும். எங்கிருந்து எங்கு வரை, எத்தனை கி.மீ., என்ன காரணம் என எல்லாம் அதில் இருக்கும்.

வெடிபொருள் போன்ற ஆபத்தான சரக்குப் பெட்டிகளை ஷண்டிங் செய்யும்போது வரம்பு மணிக்கு 8 கி.மீ. அதென்ன 8? மைலுக்கு மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய 5 வரும்.
─────────────┘

சாலைப் பலகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. ரயில்வே எண்ணுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். சாலையிலும் 'கட்டுப்பாடு முடிந்தது' என்று சொல்கிற பலகைக்கு இந்தியச் சாலை விதிகளில் இடம் உண்டு. வடசென்னையில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பவருக்குப் பரிசு கொடுக்கலாம். 30 என்ற பலகை எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், அடுத்த வளைவிலேயே முடிந்துவிட்டதாகத்தான் ஓட்டுகிறவர் எடுத்துக்கொள்வார்.

குடியிருப்பா, துறைமுகச் சாலையா?

2023 ஜூனில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை ரேடார் கருவிகளை இறக்கியபோது பகலில் 40, இரவில் 50 என்று வரம்பு சொல்லப்பட்டது. ஊரே கொதித்தது. நாற்பதில் போனால் பின்னால் வருகிறவன் ஏறிவிடுவான் என்றார்கள். மீம்கள் பறந்தன. வரம்பை மறுபடி ஆராய்ந்து, நவம்பரில் வந்தவைதான் முதல் பெட்டியில் உள்ள எண்கள். அண்ணா சாலைக்காரருக்கும் ஓ.எம்.ஆர்.காரருக்கும் அத்தோடு சண்டை முடிந்தது. வடசென்னைக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கனரக வண்டிக்கு 50. குடியிருப்புப் பகுதியில் 30. சரி, எண்ணூர் விரைவுச் சாலை என்ன பகுதி? துறைமுகத்தின் வரைபடத்தில் அது சரக்குப் பாதை. சென்னைத் துறைமுகத்தை மணலியோடும், 2001-ல் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகத்தோடும், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியோடும் இணைக்கிற நாடி. திருச்சினாங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ தாழங்குப்பத்திலோ வசிக்கிறவரின் கணக்கில் அது வாசல். ஒரு பக்கம் கடலும் படகும். மறுபக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம். கடல் அரிப்பில் நிலம் போய், தூண்டில் வளைவுக் கற்களுக்கும் சாலைக்கும் நடுவே எஞ்சிய கீற்றில் வீடுகள் நிற்கிற இடங்களும் உண்டு. அங்கே வாசற்படியை விட்டு இறங்கினால் நேராக டிரெய்லரின் பாதைதான்.

பெயரைப் பாருங்கள்: 'விரைவுச் சாலை'. குப்பங்களின் நடுவே போகிற சாலைக்கு விரைவு என்று பெயர் வைத்துவிட்டு, அப்புறம் 30 என்று பலகை நட்டால் எதை நம்புவது? எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று சுமார் 30 கி.மீ.க்கு ஒரு பெரிய வேலை நடந்தது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி எல்லாம் அதில் அடக்கம். நிலம் எடுப்பது, மீனவர் குடும்பங்களை இடம் மாற்றுவது என்று ஆண்டுக்கணக்கில் இழுத்த திட்டம். சாலை அகலமானது. அகலமான சாலை ஓட்டுகிறவரின் காலிடம் ஒன்று சொல்லும், பலகை வேறொன்று சொல்லும். கால், சாலை சொல்வதைத்தான் கேட்கும்.

இதில் 30-க்கும் 50-க்கும் அப்படியென்ன பெரிய வித்தியாசம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கேற்றிய டிரெய்லர். ஓட்டுநர் குறுக்கே ஓர் ஆளைப் பார்த்து, பெடலை மிதித்து, காற்று பிரேக் பிடிப்பதற்கு ஒன்றரை விநாடி. அதன் பிறகு ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 4 மீட்டர் வீதம் குறைகிறது. நல்ல டயர், ஈரமில்லாத சாலை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால்:

மணிக்கு 30 கி.மீ. – நிற்க 21 மீட்டர்
மணிக்கு 40 கி.மீ. – நிற்க 32 மீட்டர்
மணிக்கு 50 கி.மீ. – நிற்க 45 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. – நிற்க 60 மீட்டர்

முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 21 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை சாலையில் கால் வைக்கிறது. 30-ல் வந்த டிரெய்லர் அந்தப் பிள்ளையின் முன்னால் நின்றுவிடும். 50-ல் வந்ததற்கு அந்த இடத்தில்தான் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்கும். அதாவது, அது இன்னும் ஏறக்குறைய 50-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. அளவுக் கண்டெய்னர் ஒன்று சரக்கோடு முப்பது டன் வரை வரலாம். அதற்கு மேல் டிரெய்லரின் எடை. இந்த எடைக்கு முன்னால் ஹெல்மெட்டும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது.

மனிதர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30-ஐத் தாண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது இதனால்தான். அது ஐரோப்பியச் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு நம் மாநிலத்துக் கணக்கு: 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே இதுதான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் மரணத்துக்கு அதிவேகத்தையே காரணமாக எழுதியிருக்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு நாடு முழுக்க வேக வரம்பை உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. விபத்தில் உடல் செயலிழந்த இளம் பல் மருத்துவர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021-ல் அந்த அறிவிக்கையையே ரத்து செய்தது. எஞ்சின் மேம்பட்டுவிட்டது, சாலை நன்றாகிவிட்டது என்பதெல்லாம் வேகத்தைக் கூட்டக் காரணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீடு கேட்டுப் போன வழக்கு இந்தியா முழுமைக்குமான வேகக் கேள்வியாக முடிந்தது.

இந்தச் சாலையில் என்னென்ன போகிறது என்பதும் தனிக் கதை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோதுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அதே அமோனியம் நைட்ரேட் 697 டன், 37 கண்டெய்னர்களில் ஐந்து ஆண்டுகளாக இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக ஏலம் முடித்து ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். போனதும் சாலை வழியாகத்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறலோடு வீட்டை விட்டு ஓடிவந்து நின்றதும், ஆம்புலன்ஸ்கள் வந்ததும் இதே சாலைகளில்தான். சரக்கு, டேங்கர், ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், மீன் வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே பாதை. ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

காத்திருப்பு பெற்ற வேகம்

டிரெய்லர் ஓட்டுநரை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவருடைய ஒரு நாளைப் பார்த்தால் அப்படிச் செய்ய மனம் வராது.

அவருக்குப் பெரும்பாலும் டிரிப் கணக்கில்தான் பணம். மணலியிலோ மாதவரத்திலோ பெட்டியை ஏற்றி ஜீரோ கேட்டுக்குள் இறக்கினால் ஒரு டிரிப். வரிசை நகர்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று டிரிப் அடிக்கலாம். நகராவிட்டால் ஒன்றுகூடத் தேறாது. வரிசையில் நிற்கிற மணிகளுக்குக் கூலி இல்லை. சில காலங்களில் ஒரு பகல், ஓர் இரவு என்று நின்றிருக்கிறார்கள். கழிப்பறை கிடையாது, குளிக்க இடம் கிடையாது, கண்ணயர்ந்தால் டீசல் இருக்குமா, பேட்டரி இருக்குமா என்ற பயம் வேறு. கடைசியில் நள்ளிரவில் கேட்டை விட்டு வெளியே வரும்போது, காலி டிரெய்லர், காலி ரோடு, காலி வயிறு. பகலெல்லாம் இழந்ததை எங்கே எடுப்பார்? ஆக்சிலேட்டரில்தான்.

எனவே கேட்டில் பேப்பர் சரிபார்க்க ஆகும் நேரமும் எர்ணாவூரில் இரவு ஓடும் வண்டியின் வேகமும் தனித்தனி விஷயங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றின் தாய். வேகத்தை ரேடார் பிடிக்கிறது. அதைப் பெற்றெடுத்த தாமதத்துக்கு யார் அபராதம் போடுவது?

இன்னொரு கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு கிலோமீட்டரை 50-ல் கடக்க 72 விநாடி. 30-ல் கடக்க 120 விநாடி. வித்தியாசம் 48 விநாடி. குப்பங்களை ஒட்டிய பகுதி மொத்தம் ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 30-ல் போவதால் ஒரு டிரிப்புக்குக் கூடுவது நான்கே நிமிடம். கேட்டில் மணிக்கணக்கில் நிற்கவைக்கிற ஓர் ஏற்பாடு, குப்பத்து முன்னால் நான்கு நிமிடம் கொடுக்க முடியாது என்று சொன்னால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

எண் எழுதாத வேக வரம்பு ஒன்றும் இங்கே ஏராளம்: வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. சுமார் 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் தாண்டலாம், அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் இரவோடு இரவாகக் கொட்டிய சிமென்ட் மேடுகள். விபத்து நடந்த மறுநாள் மக்கள் மறியல் செய்வார்கள், மூன்றாம் நாள் மேடு முளைக்கும். அளவும் இல்லை, வெள்ளைப் பட்டையும் இல்லை. டிரெய்லர் அதில் ஏறி இறங்கும்போது கண்டெய்னர் எழுப்புகிற இடிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும், தொட்டில் பிள்ளை அலறும். டூ வீலர்காரர் இருட்டில் தெரியாமல் ஏறி விழுவார். ஆம்புலன்ஸில் முதுகெலும்பு உடைந்து படுத்திருப்பவருக்கு அது இரண்டாவது விபத்து. ஆனாலும் அந்த மேட்டைப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. பலகை கேட்காத இடத்தில் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வரம்பு எழுதியிருக்கிறார்கள்.

கடலில் எண் இல்லை

கரையில் இத்தனை எண்கள். கப்பல்களுக்கோ, 1972-ன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஆறாவது விதி 'பாதுகாப்பான வேகம்' என்று மட்டும் சொல்கிறது. எண் கிடையாது. கண்ணுக்கு எட்டும் தூரம், எதிரே எத்தனை கப்பல், காற்று, நீரோட்டம், நம் கப்பல் நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதையெல்லாம் பார்த்துத் தலைமை மாலுமி தானே தீர்மானிக்க வேண்டும். ஏதாவது நடந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. பொறுப்பு அப்படி ஒரே தலையில் இருந்தும், 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெயை எர்ணாவூர் கரையில் மக்கள் வாளியில் அள்ளினார்கள்.

சாலைக்கு அந்தச் சுதந்திரம் கட்டுப்படியாகாது. ஒரு நாளில் இந்தப் பகுதியைக் கடக்கிற அத்தனை ஓட்டுநர்களும் அவரவர் பாதுகாப்பான வேகத்தைத் தீர்மானித்தால் என்னவாகும் என்பதைத்தான் இரவில் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

ஒரு மாதம் போதும்

பலகை நடுவதில் உள்ள சிக்கல், சாலை பலருடையது என்பது. ஒரு துண்டு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம், ஒரு துண்டு மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், ஒரு துண்டு மாநகராட்சியிடம், கேட் துறைமுகத்திடம், அபராதம் போலீஸிடம். 30 வேண்டும் என்று ஒரு குப்பம் மனு கொடுத்தால் அது இந்த ஐந்து மேஜைகளையும் சுற்ற வேண்டும். அறிவிக்கை, கெஜட் என்ற சொற்களைக் கேட்டதுமே மனு கொடுத்தவர் களைத்துவிடுவார்.

ஆனால் அதே 112-வது பிரிவில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. வேகக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அதை அரசிதழில் வெளியிட வேண்டிய அவசியமில்லை. திருவிழாவுக்கும் சாலை வேலைக்கும் பயன்படுகிற வழி இது. ஒத்திகை பார்க்கவும் இது போதும்.

திருச்சினாங்குப்பம் ஒன்று, நெட்டுக்குப்பம் ஒன்று என இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இரு முனையிலும் போஸ்டர் ஒட்ட முடியாத உயரத்தில் 30 பலகை. முடிகிற இடத்தில் முடிவுப் பலகை. நடுவில், சாலைப் பேரவை அளவில், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு வேகத்தடை. காவல் துறையிடம் இருக்கும் ரேடாரில் ஒன்றை முப்பது நாளைக்கு அங்கே நிறுத்தலாம். அதில் சிக்குகிற டிரெய்லர்களின் பட்டியலை ஒவ்வொரு மாலையும் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆலை வாசலில் நடப்பதுபோல கேட் பாஸோடு அதைக் கோத்துவிட. அதே முப்பது நாளில் ஒவ்வொரு வண்டியும் ஜீரோ கேட் வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் துறைமுகம் பதிவு செய்து, போலீஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதிக நேரம் நின்ற வண்டிதான் அதிக வேகத்தில் ஓடியதா என்பது தெரிந்துவிடும். உத்தரவிடும் அதிகாரம் கோட்டையில் அரசிடமும் வேப்பேரியில் காவல் ஆணையரிடமும் இருக்கிறது.